சிறிய நாடுகளின் சிறப்புப் படைகள் ஏன் பெயர் பெறுவதில்லை?

வாசகர் ஒருவரின் கேள்வி, 9 பிப்ரவரி 2025

உலகின் தலைசிறந்த பத்துச் சிறப்புப் படைகள் என்று எந்தப் பட்டியலை எடுத்தாலும் அமெரிக்கா, பிரிட்டன், இஸ்ரேல், ரஷ்யா என்றுதான் வரிசை போகிறது. டென்மார்க், நார்வே, நியூசிலாந்து, சிங்கப்பூர் போன்ற நாடுகளின் படைகளுக்குக் கடைசி வரியில்கூட இடமில்லை. போரே செய்யாத படைக்குப் பெயர் எங்கிருந்து வரும்? இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

10 பிப்ரவரி 2025

மறுக்கிறேன். 2001 அக்டோபரிலிருந்து 2002 ஏப்ரல் வரை ஆப்கானிஸ்தானின் தென்பகுதியில் ‘டாஸ்க் ஃபோர்ஸ் கே-பார்’ என்ற கூட்டு அணி இயங்கியது. அமெரிக்கக் கடற்படையின் சீல் என்ற சிறப்புப் படையின் அதிகாரி ஒருவர் தலைமை தாங்க, அவருக்குக் கீழே டென்மார்க், நார்வே, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, துருக்கி ஆகிய நாடுகளின் சிறப்புப் படையினர் வேலை பார்த்தார்கள். மலைமேல் நாள்கணக்கில் பதுங்கியிருந்து ஆள்நடமாட்டத்தைக் குறித்துக்கொள்வது, குகைகளில் புகுந்து தேடுவது, தேடப்படுபவரைப் பிடித்துவருவது ஆகியவை அவர்களுடைய பணிகள். 2004 டிசம்பரில் அமெரிக்க அதிபர் அந்த அணி முழுமைக்கும் ஒரு பாராட்டு விருது வழங்கினார். அமெரிக்கா ஒரு படைப்பிரிவுக்குத் தரக்கூடிய மிக உயர்ந்த விருது அதுதான்.

டென்மார்க்கின் மக்கள்தொகை ஏறத்தாழ 60 லட்சம். நார்வேயும் நியூசிலாந்தும் அதைவிடச் சிறியவை. இந்நாடுகள் தனியாகப் போர் தொடுப்பதில்லை. வேறொருவர் தொடங்கிய போருக்குத் தங்கள் ஆள்களை அனுப்புகின்றன. இரவல் கொடுத்த சங்கிலி கல்யாணத்தில் எத்தனை அழகாக மின்னினாலும், “யாருடையது?” என்று கேட்டுவிட்டா பாராட்டுகிறார்கள்? போட்டிருக்கும் கழுத்துக்குத்தான் பாராட்டு. கே-பார் என்ற பெயரைத் தேடிப் படிப்பவர்களில் பெரும்பாலோர் சீல் படையின் கதை என்று நினைத்துப் படித்து, சீல் படையின் கதையாகவே முடித்துவிடுகிறார்கள்.

ஆகவே என் முதல் பதில்: அவர்கள் போர் செய்திருக்கிறார்கள், ஆனால் வேறொரு கொடியின் கீழ்.

11 பிப்ரவரி 2025

நேற்று எழுதியதற்குப் பிறகு, என் சொந்த ஊரைப் பற்றிச் சொல்லாமல் டென்மார்க்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது விந்தையாகத் தோன்றியது.

1991 மார்ச் 26-ஆம் தேதி இரவு, கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்த எஸ்கியூ 117 என்ற விமானத்தை நால்வர் கடத்தினார்கள். பாகிஸ்தான் சிறைகளில் இருந்த சிலரை விடுவிக்க வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. விமானம் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி, இரவு முழுவதும் ஓடுபாதையருகே நின்றது. விமானப் பணியாளர் இருவரைக் கதவு வழியாகக் கீழே தள்ளிவிட்டார்கள். விடியற்காலையில் ஐந்து நிமிடக் கெடு விதித்தார்கள். காலை 6.50 மணிக்குச் சிங்கப்பூர்க் கமாண்டோக்கள் உள்ளே புகுந்தார்கள். 30 விநாடிகளில் கடத்தல்காரர் நால்வரும் இறந்திருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளில் ஒருவருக்கும் உயிர்ச்சேதமில்லை.

அப்போது எனக்குப் பதினாறு வயது. அப்பா விமான நிலையத்தின் சரக்குக் கிடங்கில் இரவுப்பணி பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக ஏழரை மணிக்கு வீடு வந்துவிடுபவர் அன்று பத்து மணிக்கு மேல்தான் வந்தார். கொண்டுபோன சாப்பாட்டுப் பெட்டி திறக்கப்படாமலேயே திரும்பி வந்தது. “வெளியே விடவில்லை, இப்போது எல்லாம் முடிந்துவிட்டது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். அதற்குள் வானொலியில் செய்தி வந்திருந்ததால், நாங்கள்தான் அவரிடம் விவரம் சொன்னோம்.

அந்த 30 விநாடிகளைச் செய்து முடித்தவர்கள் யார் என்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. 1984-இல் தொடங்கப்பட்ட அந்தச் சிறப்பு நடவடிக்கைப் படை இருக்கிறது என்பதையே அரசு வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 1997-இல்தான். பதின்மூன்று ஆண்டுகள் இல்லாத படையாக இருந்த ஒரு படைக்குப் பட்டியலில் இடம் தேடுகிறோம். குடத்திலிட்ட விளக்கு என்பார்கள். இவர்கள் குடத்தையும் தாங்களே கேட்டு வாங்கிக் கவிழ்த்துக்கொண்டவர்கள்.

12 பிப்ரவரி 2025

“அப்படியென்றால் இரகசியம்தான் காரணமா? சீல் படையும் இரகசியப் படைதானே?” என்று நண்பர் ஒருவர் மடக்கியிருக்கிறார். நியாயமான மடக்கு. இரகசியம் ஒரு பகுதிதான். பெரிய நாட்டின் இரகசியத்தைக் கசியவிட ஆயிரம் பேர் இருக்கிறார்கள்: ஓய்வு பெற்ற வீரர், நினைவுநூல் எழுத்தாளர், திரைக்கதையாளர், கணினி விளையாட்டு நிறுவனம். அத்தனை பேரும் எழுதுவது ஆங்கிலத்தில். சில நூறு பேர் கொண்ட ஒரு படை, சில லட்சம் பேர் படிக்கும் ஒரு மொழியில் கசிந்தாலும், அந்தக் கசிவு அந்நாட்டு எல்லையிலேயே உலர்ந்துவிடும்.

13 பிப்ரவரி 2025

மொழியைக் காரணமாகச் சொன்னதை நானே சோதித்துப் பார்க்க விரும்பினேன். மூன்றாண்டு இடைவெளியில் நடந்த இரண்டு மீட்புகளை அருகருகே வைக்கிறேன்.

1977 மே 23 அன்று நெதர்லாந்தின் வடக்கே, டெ புண்ட் என்ற சிற்றூருக்கருகில், இந்தோனேசியாவின் தென் மலுக்குத் தீவுகளைப் பூர்வீகமாகக் கொண்ட இளைஞர் ஒன்பது பேர் ஒரு ரயிலைக் கைப்பற்றினார்கள். அதே நேரத்தில் வேறொரு குழு அருகிலிருந்த ஒரு பள்ளியைப் பிடித்தது. ரயில் ஏறத்தாழ மூன்று வாரங்கள் வயல்வெளி நடுவே நின்றது. ஜூன் 11 அதிகாலையில் ஆறு ஸ்டார்ஃபைட்டர் போர்விமானங்கள் ரயிலின் கூரையை உரசுவதுபோலத் தாழப் பறந்தன. அந்தப் பேரொலியில் உள்ளிருப்பவர்கள் தலை நிமிரக் கூடாது என்பது திட்டம். அந்த ஒலியின் மறைவில் நெதர்லாந்துக் கடற்படைக் காலாட்படையின் சிறப்புப் பிரிவு ரயிலுக்குள் ஏறியது. கடத்தியவர்களில் ஆறு பேரும் பணயக்கைதிகளில் இருவரும் இறந்தார்கள், மற்றவர்கள் மீட்கப்பட்டார்கள்.

1980 மே 5 அன்று லண்டனில் ஈரானியத் தூதரகத்துக்குள் பிரிட்டனின் எஸ்ஏஎஸ் என்ற சிறப்புப் படை புகுந்தது. 17 நிமிடங்கள். துப்பாக்கி ஏந்தியிருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தார்கள். பணயக்கைதி ஒருவர் தாக்குதலின்போது கொல்லப்பட்டார். முற்றுகையின்போதே ஒருவர் கொல்லப்பட்டிருந்தார்.

ரயில் மீட்பைத் தொழில் தெரிந்தவர்கள் அரிய சாதனை என்கிறார்கள். நீளமான, குறுகலான, இருபுறமும் சன்னல் கொண்ட ஒரு பெட்டி வரிசைக்குள் நுழைவது கட்டடத்துக்குள் நுழைவதைவிட எளிதாக இருக்க முடியாது. ஆனால் உலகத்துக்குத் தெரிந்தது இரண்டாவது மட்டும். அன்று பிரிட்டனில் வங்கி விடுமுறை. மக்கள் தொலைக்காட்சியில் ஸ்னூக்கர் இறுதிப் போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிபிசி அதை நிறுத்திவிட்டு, கறுப்பு உடையணிந்தவர்கள் மாடி முகப்பில் வெடிவைத்து உள்ளே போவதை நேரடியாகக் காட்டியது. எஸ்ஏஎஸ் என்ற மூன்றெழுத்து அன்று மாலை வரை படைத்துறையினருக்கும் ஆர்வலர்களுக்கும் தெரிந்த பெயர். மறுநாள் பால்காரருக்கும் தெரிந்த பெயர்.

மொழியைவிட நேரடி ஒளிபரப்பே பெரிய காரணம் என்று திருத்திக்கொள்கிறேன்.

13 பிப்ரவரி 2025, இரவு

மேலே எழுதியதற்கு ஒரு பின்குறிப்பு. போலந்தின் குரோம் படையையும் ஒரு படம்தான் வெளியே கொண்டுவந்தது. 2003 மார்ச்சில் ஈராக்கின் உம் கஸ்ர் துறைமுகத்தில் அப்படையினர் நிற்கும் ஒளிப்படம் செய்தி நிறுவனம் வழியாக உலகெங்கும் போனபிறகுதான், அவர்கள் அங்கே இருப்பதைப் போலந்து அரசு ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. போலந்து சிறிய நாடன்று என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், எனக்கும் தெரியும்.

15 பிப்ரவரி 2025

டெ புண்ட் பற்றி இரண்டு நாள்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒளிபரப்பு என்ற விளக்கம் போதவில்லை.

அந்த ரயிலைக் கைப்பற்றிய இளைஞர்கள் யார்? டச்சுக் குடியேற்றப் படையில் சிப்பாய்களாக இருந்த மலுக்குத் தீவினரின் பிள்ளைகள். இந்தோனேசியா விடுதலை பெற்றபின், 1951-இல், அந்தச் சிப்பாய்களையும் குடும்பங்களையும் சேர்த்து ஏறத்தாழ 12,500 பேரை நெதர்லாந்துக்குக் கப்பலேற்றினார்கள். சில மாதங்களில் ஊர் திரும்பலாம் என்று நம்பி வந்தவர்கள் அவர்கள். வந்து இறங்கியதும் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். முகாம்களில் குடியமர்த்தப்பட்டார்கள், அவற்றில் ஒன்று, ஜெர்மானியர்கள் யூதர்களை மரண முகாம்களுக்கு அனுப்புவதற்காக வைத்திருந்த வெஸ்டர்போர்க். தந்தையர் காத்திருந்தார்கள். பிள்ளைகள் காத்திருக்கவில்லை.

ஆகவே அந்த ரயிலுக்குள் நடந்தது, ஒரு பேரரசின் பழைய சிப்பாய்களின் பிள்ளைகளை அதே நாட்டின் புதிய சிப்பாய்கள் சுட்டது. மீட்பு முடிந்தவுடன் நெதர்லாந்தின் பிரதமர், வன்முறையைக் கையாள நேர்ந்ததைத் தாங்கள் ஒரு தோல்வியாகவே உணர்வதாகக் கூறினார். லண்டனில் அப்படி யாரும் கூறவில்லை. பின்னர் இறந்தவர்களின் உறவினர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அரசுக்குப் பொறுப்பில்லை என்று 2018-இல் தீர்ப்பு வந்தது, 2021-இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்ட ஒரு வெற்றியை யார் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள்?

ஒரு படைக்குப் பெயர் கிடைக்க வேண்டுமென்றால், அதன் வேலையைக் கொண்டாட மனம் ஒப்புகிற ஊர்மக்கள் முதலில் இருக்க வேண்டும். படம், மொழி, ஒளிபரப்பு எல்லாம் அதற்குப் பிறகு. 12-ஆம் தேதியும் 13-ஆம் தேதியும் நான் எழுதியவை தவறில்லை என்றாலும், வரிசை தவறு.

16 பிப்ரவரி 2025

“பெரு நாட்டைப் பாருங்கள்” என்று ஒருவர் நினைவூட்டியிருக்கிறார், நன்றி. லிமாவில் ஜப்பானியத் தூதரின் இல்லத்தைக் கிளர்ச்சியாளர்கள் 126 நாள்கள் பிடித்து வைத்திருந்தார்கள். 1997 ஏப்ரல் 22 பிற்பகல், உள்ளே அவர்களில் சிலர் கால்பந்து ஆடிக்கொண்டிருந்த நேரத்தில், கீழே தோண்டியிருந்த சுரங்கங்களிலிருந்து படையினர் வெடித்துக்கொண்டு வெளிவந்தார்கள். 72 பணயக்கைதிகளில் 71 பேர் பிழைத்தார்கள். படையினர் இருவர் இறந்தார்கள். கிளர்ச்சியாளர் 14 பேரும் இறந்தார்கள். பயிற்சிக்காகக் கட்டிய அந்த வீட்டின் மாதிரியை இன்றும் பாதுகாத்து வருகிறார்கள். ஆண்டுதோறும் விழா. நாடு கொண்டாடியதால் படைக்குப் பெயர் கிடைத்தது. பிடிபட்ட பிறகு சிலர் கொல்லப்பட்டார்கள் என்ற குற்றச்சாட்டு தொடர்ந்து, 2015-இல் அமெரிக்கக் கண்டத்தின் மனித உரிமை நீதிமன்றம் ஒருவரது மரணம் தொடர்பாகப் பெரு அரசைப் பொறுப்பாக்கியது என்பதும் அதே கதையின் பகுதி. விழா மேடையில் அந்தப் பகுதி வாசிக்கப்படுவதில்லை.

18 பிப்ரவரி 2025

டென்மார்க்கின் யேகர் படையைப் பற்றிக் கேட்டவர்களுக்கு. இந்தக் கதையை நான் நண்பர்களிடம் சொல்லும்போதெல்லாம் நம்ப மறுப்பார்கள்.

2009-இல் அப்படையின் முன்னாள் வீரர் ஒருவர் தம் அனுபவங்களை நூலாக எழுதினார். நாட்டின் பாதுகாப்புக்கும் வெளிநாட்டில் இருக்கும் வீரர்களுக்கும் ஆபத்து என்று சொல்லி, நூலைத் தடுக்கப் படைத் தலைமை நீதிமன்றம் போனது. தீர்ப்பு வருவதற்கு முன்பே, தலைநகரின் பெரிய நாளிதழ் ஒன்று முழு நூலையும் தன் இதழுடன் இணைப்பாக அச்சிட்டு விற்றுவிட்டது. தடை கோரிய மனு தள்ளுபடியானது. இதற்கிடையில், நூலின் அரபு மொழிபெயர்ப்பு ஏற்கெனவே இணையத்தில் உலவுகிறது, எதிரிகள் படிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று ஒரு செய்தி கிளம்பியது. விசாரித்துப் பார்த்தால், அந்த அரபு மொழிபெயர்ப்பைக் கூகுளின் இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு எடுத்தவர் படைத் தலைமையகத்திலேயே இருந்தார். அக்டோபரில் முப்படைத் தலைமை அதிகாரி பதவி விலகினார். 2010 பிப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சரும் விலகினார்.

கந்தகாரில் தாலிபானால் செய்ய முடியாததை ஒரு மொழிபெயர்ப்பு மென்பொருள் கோபன்ஹேகனில் செய்து முடித்தது. யேகர் படையைத் தெரியாத டேனியர் அதற்குப் பிறகு இருந்திருக்க முடியாது. ஆங்கிலத்தில் அந்த நூல் வருவதற்கோ மேலும் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் வெளியுலகம் வேறு நினைவுநூல்களுக்குப் போய்விட்டது.

இதிலிருந்து 12-ஆம் தேதிக் குறிப்புக்குக் கொஞ்சம் உயிர் வருகிறது. மொழி ஒரு காரணம்தான்.

18 பிப்ரவரி 2025, சற்றுப் பிறகு

டென்மார்க்கிலேயே இன்னொன்று. அங்குள்ள தவளை மனிதர் படையை, அதாவது கடற்படையின் நீர்மூழ்கிச் சிறப்புப் படையை, அந்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். காரணம் போரன்று. இன்றைய மன்னர் ஃபிரெடெரிக் இளவரசராக இருந்தபோது 1995-இல் அப்பயிற்சியை முடித்தார். நீந்தும்போது அவருடைய நீச்சலுடைக்குள் தண்ணீர் புகுந்து நிறைய, கரையேறியவர் பென்குவின்போல அசைந்து நடந்தாராம். அன்றுமுதல் படைக்குள் அவருக்குப் ‘பிங்கோ’ என்று பெயர். எந்த விருதும் செய்யாத விளம்பரத்தை ஒரு கிழிந்த உடை செய்தது. (கிழிந்ததா, தைத்த இடம் விட்டதா என்று கேட்காதீர்கள், தண்ணீர் புகுந்தது வரைக்கும்தான் என் பொறுப்பு.)

20 பிப்ரவரி 2025

கிரீன்லாந்து இப்போது நாள்தோறும் செய்தியில் அடிபடுவதால் சீரியஸ் ரோந்துப் படையையும் சேர்க்கச் சொல்கிறார்கள். வடகிழக்குக் கிரீன்லாந்தில் ஆறு அணிகள், அணிக்கு இரண்டு பேர், ஒரு டசன் நாய்கள், ஒரு சறுக்குவண்டி. குளிர்காலத்தில் மாதக்கணக்கில், இன்னொரு மனித முகத்தைப் பார்க்காமல், அந்த இருவரும் கடலோரப் பனியில் போய்க்கொண்டே இருப்பார்கள். சேர்பவர் 26 மாதங்கள் வீடு திரும்புவதில்லை. அந்தப் பகுதிக்குள் யாராவது வந்து இறங்கியிருக்கிறார்களா என்று பார்ப்பதும், “இங்கே டென்மார்க் இருக்கிறது” என்று நிலைநாட்டுவதும் அவர்கள் வேலை. இது சும்மா பொழுதுபோக்கன்று. 1943-இல் ஜெர்மானியர்கள் இரகசியமாக வைத்திருந்த வானிலை நிலையத்தை அங்கே கண்டுபிடித்தது இப்படையின் முன்னோடிகளான நாய்வண்டிக்காரர்கள்தான்.

2024 டிசம்பரில் டென்மார்க் அரசு ஆர்க்டிக் பாதுகாப்பை வலுப்படுத்தப்போவதாக அறிவித்தபோது, கப்பல்கள், தொலைதூர டிரோன்கள் ஆகியவற்றோடு மேலும் இரண்டு நாய்வண்டி அணிகளையும் பட்டியலிட்டது. உலகம் சிரித்தது. என் பார்வையில் சிரிக்க ஒன்றுமில்லை. எந்திரம் உறைந்து நின்றுவிடும் குளிரில் நாய் நடக்கும். எரிபொருள் கொண்டுவர விமானம் வேண்டியதில்லை. திரைப்படத்தில் எடுபடாத திறமைக்கு இதைவிடச் சரியான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. சுடாத படை, கதவை உடைக்காத படை, அடுத்த வளைவுவரை நடந்துபோய்க் குறிப்பெழுதும் படை.

23 பிப்ரவரி 2025

இழையின் தலைப்பிலிருந்து ஒரு முழம் விலகுகிறேன், ஏனென்றால் இது என் மனத்தை நெடுங்காலமாக அரித்துக்கொண்டிருப்பது.

1993 அக்டோபரில் நான் தேசிய சேவையில், அதாவது சிங்கப்பூரின் கட்டாயப் படைப்பணியில், இருந்தேன். எம்113 கவச வண்டியின் ஓட்டுநர் பயிற்சி. அந்த வண்டியை ஓட்டியவர்களுக்குத் தெரியும்: ஓட்டுநர் முன்பக்கம் இடப்புறம் உட்காருவார், வலப்புறம் ஒரு தகட்டுக்கு அப்பால் எந்திரம். அரைமணி நேரத்தில் வலது தொடை வெந்துபோன மாதிரி ஆகிவிடும். சக்கரத்திசைமாற்றி கிடையாது, இரண்டு கைப்பிடிகளை இழுத்து விட்டுத் திருப்ப வேண்டும். மூடியைச் சாத்திவிட்டால் கண்ணாடிப் பட்டகங்கள் வழியாகத் தெரியும் ஒரு கீற்றுத்தான் உலகம்.

அந்த மாதம் சோமாலியாவின் மொகடிஷுவில் அமெரிக்க ரேஞ்சர்களும் டெல்டா படையினரும் நகருக்குள் சிக்கிக்கொண்டார்கள். அவர்களை மீட்கக் கவச வண்டிகள் வேண்டியிருந்தன; அமெரிக்கர்களிடம் அங்கே அவை இல்லை. ஐநா பணியில் இருந்த மலேசியர்களின் காண்டோர் வண்டிகளும் பாகிஸ்தானியரின் டாங்கிகளும் போயின. காண்டோர்களில் இருந்த மலேசியக் காலாட்படையினரை இறங்கச் சொல்லிவிட்டு அமெரிக்கச் சிப்பாய்கள் ஏறிக்கொண்டார்கள். ஓட்டுநரும் துப்பாக்கியாளரும் மலேசியர்களாகவே தொடர்ந்தார்கள். மலேசிய வீரர் ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். 2001-இல் வந்த ஹாலிவுட் படத்தில் அந்த ஓட்டுநர்களின் முகங்களைத் தேடிப் பாருங்கள். மலேசியாவில் அன்று எழுந்த மனக்குறை இன்னும் அடங்கவில்லை. 2023-இல் அவர்கள் தங்கள் தரப்பைத் தாங்களே படமாக எடுத்தார்கள்.

அது சிறப்புப் படை அன்று, எந்திரமயக் காலாட்படை என்று யாராவது திருத்தும் முன் நானே திருத்திவிடுகிறேன். ஆனாலும் கீற்றுக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு, பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுகூடத் திரும்ப முடியாமல், துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே தெரியாத தெருவில் வண்டி ஓட்டிய ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை. இரவல் சங்கிலி என்று 10-ஆம் தேதி நான் எழுதியதை இங்கே கழுத்தோடு சேர்த்து இரவல் கொடுத்திருக்கிறார்கள்.

24 பிப்ரவரி 2025

மலேசியா என்றவுடன் இன்னொன்று. 2011 ஜனவரி 20 அன்று ஏடன் வளைகுடாவில் மலேசியக் கடற்படையின் பாஸ்கல் பிரிவு, கடற்கொள்ளையர் ஏறிய புங்கா லாரல் கப்பலை மீட்டது. பணியாளர் 23 பேரும் பத்திரம், கொள்ளையர் எழுவர் பிடிபட்டார்கள். மறுநாள், 21-ஆம் தேதி, தென்கொரியக் கடற்படை சாம்ஹோ ஜுவல்ரி என்ற கப்பலை மீட்டது. உலகச் செய்தியில் இரண்டாவது முதலாவதை விழுங்கிவிட்டது. ஒருநாள் முன்னதாக வெற்றி பெற்றதும் ஒரு பிழைதான் போலும்.

26 பிப்ரவரி 2025

மட்டக்களப்பிலிருந்து ஒருவர் இரண்டே வரி எழுதியிருக்கிறார்: சிறிய நாட்டின் சிறப்புப் படைக்குப் பெயர் கிடைப்பதில்லை என்கிறீர்கள், எங்கள் ஊரில் அந்தப் பெயரைக் கேட்டுக் குரல் தாழாத வீடு இருந்ததில்லை என்று.

இரண்டு நாளாக இதற்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. தமிழில் ‘சிறப்பு அதிரடிப்படை’ என்று எழுதினால் கிழக்கிலங்கை வாசகருக்கு 1980-களிலிருந்து தம் ஊரின் சோதனைச் சாவடிகளில் நின்ற இலங்கைப் பொலிஸ் பிரிவு நினைவுக்கு வரும். தமிழ்நாட்டு மலைக்கிராமத்தவருக்கு வீரப்பன் தேடுதல் வேட்டைக்காலம் நினைவுக்கு வரும். அக்காலத்தில் அந்த மக்கள் பட்டதைப் பற்றிப் பின்னர் விசாரணைக் குழுவே அமைக்க வேண்டியிருந்தது. இவ்விரண்டு படைகளும் எந்த உலகப் பட்டியலிலும் இல்லை. ஆனால் அந்த ஊர்களில் அவற்றுக்கு அறிமுகம் தேவையில்லை. இதுவரை நான் எழுதிய குறிப்புகளில் ‘பெயர்’ என்றபோது, தொலைவிலிருந்து படிப்பவரிடம் இருக்கும் பெயரை மட்டுமே எண்ணியிருக்கிறேன். தூதரக மாடியைத் தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு அது வீரக்கதை. ரயில் பெட்டிக்குள் மகனை இழந்த வீட்டில் அதற்கு வேறு பெயர்.

நியூசிலாந்தில் இவ்விரண்டும் ஒரே படைக்கு நேர்ந்தன. 2007-இல் அந்நாட்டு எஸ்ஏஎஸ் வீரர் வில்லி அப்பியாட்டாவுக்கு, வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான விக்டோரியா சிலுவை கிடைத்தது. ஆப்கானிஸ்தானில் குண்டுமழைக்கிடையே காயமுற்ற தோழரைச் சுமந்து வந்ததற்காக. நாடே கொண்டாடியது, அவரோ பதக்கங்களை நாட்டுக்கே கொடுத்துவிட்டார். பிறகு 2010-இல் ஆப்கானிஸ்தானில் நடந்த ஓர் இரவுத் தாக்குதலைப் பற்றி அரசு விசாரணை நடந்து, 2020-இல் அறிக்கை வந்தது. ஒரு குழந்தை இறந்திருக்க வாய்ப்புண்டு என்றும், அமைச்சர்களுக்குப் படைத்துறை தவறான தகவல் தந்தது என்றும் அது கூறியது. ஒரே படை, பத்தாண்டுக்கொரு பெயர்.

கேள்வி கேட்ட நண்பருக்கு: போர் செய்யாததால் பெயரில்லை என்பதை இன்னும் மறுக்கிறேன். பெயரில்லாததை எப்போதும் குறையாகக் கருத வேண்டும் என்பதை இப்போது நானும் ஒப்பவில்லை.

2 மார்ச் 2025

ஒரு திருத்தம். நேற்று ஞாயிறு என்று நினைத்துக்கொண்டு சனிக்கிழமையே அப்பா வீட்டுக்குப் போய்விட்டேன். அவருக்கு இப்போது எண்பத்தொரு வயது. 1991-ஐப் பற்றி நான் எழுதியதை வாசித்துக் காட்டினேன். சத்தம் கேட்டதா என்று கேட்டேன். ஏதோ சரக்குத் தட்டு விழுந்த சத்தம் என்று நினைத்தாராம். கிடங்கில் அது நாள்தோறும் விழும். அந்தப் படைக்காரர்களை யாராவது பார்த்தார்களா என்று கேட்டதற்கு, “பார்த்திருந்தாலும் யாரென்று தெரிந்திருக்காதே” என்றார்.

பிறகு சாப்பாட்டுப் பெட்டிக்கு வந்தார். திறக்காமல் கொண்டுவந்ததாக நான் எழுதியது முற்றிலும் தவறு என்கிறார். இரவு இரண்டு மணிக்கே, வெளியே போக முடியாது என்று தெரிந்தவுடன், உடன் வேலை பார்த்த மலாய் நண்பரோடு பகிர்ந்து சாப்பிட்டு, பெட்டியைக் கழுவியும் வைத்துவிட்டாராம். திறக்காமல் வந்தது வேறொரு வாரம், அவருக்குக் காய்ச்சல் கண்டபோது. அம்மாவும் அதையே சொல்கிறார். ஆகவே 11-ஆம் தேதிக் குறிப்பில் அந்த ஒரு வரியை அடித்துவிட்டுப் படியுங்கள்.